ஆளுக்கொரு குழாய், மேலதிகமாக ஒன்று

எங்கள் பகுதியில் நான் போட்டோக் கொப்பிக் கடை போட்டிருந்த வருடங்களில் கலியாண எழுத்து முடித்தவர்களின் விவாகப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். பாதிப் பேருடையதில் எங்காவது ஓர் ஓரத்தில் தண்ணீர்ப் பொட்டு ஒன்று இருக்கும். கூரை ஒழுக்கு என்று நினைக்காதீர்கள். அது பதிவாளர் அன்ரியின் முழங்கை.

பேனையைத் தொடுவதற்கு முன்னர் இரண்டு கைகளையும் துவாயால் விரல் விரலாகத் துடைப்பார். அரசாங்கப் பத்திரம், ஒரு கறை படக்கூடாது என்பார். முழங்கையை மட்டும் துடைக்க மறந்துவிடுவார். அங்கிருந்துதான் சொட்டும். நாளுக்குப் பத்துத் தடவை மீன் தொட்டிக்குள் கைவிடுகிற ஒருவரை அரசாங்கம் பதிவாளராக வைத்திருந்தால் வேறென்ன நடக்கும்?

பிறப்பு, இறப்பு, விவாகம் மூன்றும் அவரிடம்தான். வட்டக்கச்சிக்குப் போகும் வழியில் இருந்த அவருடைய வீட்டின் முன் விறாந்தைதான் பதிவுக் கந்தோர். நேர் எதிரே என் கடை. அங்கே வருகிறவர்களுக்கு எப்படியும் அடையாள அட்டைக் கொப்பி தேவைப்படும் என்று கணக்குப் போட்டுத்தான் அந்த இடத்தைப் பிடித்தேன். கொப்பி கொடுக்கப் போன நேரத்தைவிட, தொட்டியைப் பார்க்கப் போன நேரம்தான் அதிகம்.

விறாந்தையின் இடது சுவரோரம் நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி. அதற்குள் இரண்டே இரண்டு பேர். ஒருவர், நெற்றியில் கொழுக்கட்டையை ஒட்டி வைத்தது போன்ற சிவத்த மீன். ஃபிளவர்ஹோர்ன் என்று பெயர். கண்ணாடிக்கு வெளியே விரலை நீட்டினாலே பாய்ந்து வந்து முட்டுவார். அன்ரி அவரைப் 'பெரியவர்' என்பார். மற்றவர் நீல நிறத்தில் கையளவு நீளமான நன்னீர்ச் சிங்கிறால். கடையில் அதைக் கிறேஃபிஷ் என்று சொல்லிக் கொடுத்தார்களாம். கடல் சிங்கிறாலின் ஒன்றுவிட்ட தங்கச்சி என்று அன்ரி எங்களுக்கு விளக்கம் சொன்னார். பெயர் நீலாம்பாள். இரண்டு கொடுக்குகளையும் தூக்கிக்கொண்டு அவள் தொட்டிக்குள் நடந்து போனால், சந்தையில் விலை பேசப் போகிற மனுசி மாதிரி இருக்கும்.

இரண்டையும் கொண்டுவந்து கொடுத்த வவுனியாக் கடைக்காரர் நீலாம்பாளைக் கொண்டுவந்த அன்றே எச்சரித்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

"மிஸ், இது ரெண்டையும் ஒண்டா விட்டா ஒரு கிழமை தாங்காது. ஒண்டில் அவர் இவவைத் தின்னுவார், இல்லாட்டி இவ அவற்ற செட்டையைக் கத்தரிப்பா. நடுவில ஒரு கண்ணாடியைப் போட்டு மறியுங்கோ."

"கண்ணாடியால மறிச்சா ஆளை ஆள் பாத்துப் பாத்தே ரெண்டும் செத்துப்போகும்," என்றார் அன்ரி.

"அப்ப ரெண்டு தொட்டி வாங்குங்கோ."

"இருக்கிறது ஒரு தொட்டி. இருக்கப்போறது ரெண்டு பேர். அதுக்கு வழியைச் சொல்லும்."

கடைக்காரருக்கு வழி தெரியவில்லை. அன்ரியே கண்டுபிடித்தார். தண்ணீர்க் குழாய் பொருத்துகிறவர்கள் விட்டுப்போன அகலமான பிளாஸ்ரிக் குழாயைச் சாண் சாணாக வெட்டி மூன்று துண்டுகள் தொட்டிக்குள் போட்டார். இரண்டு பேருக்கு எதற்கு மூன்று என்று கேட்டேன்.

"ஆளுக்கு ஒரு குழாய், மேலதிகமா ஒண்டு. அளந்து ரெண்டு வைச்சா, மற்றவற்ற குழாய்தான் நல்ல குழாய் எண்டு ரெண்டு பேருக்கும் தோண்டும். மூண்டாவது இருந்தால் அந்த யோசினை வராது."

பெரியவர் முதலே வந்து குடியேறிவிட்டதால் தொட்டி முழுவதும் தன்னுடையது என்ற நினைப்பில் இருந்தார். அதற்கும் மருந்து இருந்தது. நீலாம்பாளை இறக்குவதற்கு முன் பெரியவரை வாளிக்குள் எடுத்துவிட்டு, கல், குழாய், வேர்க்கட்டை எல்லாவற்றையும் இடம் மாற்றி வைத்தார். இருவருக்கும் வயிறு நிறையச் சாப்பாடு போட்டார். பிறகு இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் விட்டார். பெரியவர் அரைமணி நேரம் தன் வீட்டைத் தேடித் திரிந்தார். நீலாம்பாள் அதற்குள் ஒரு குழாய்க்குள் புகுந்து இரண்டு மீசையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கிழமை போனது, ஒரு மாதம் போனது, இரண்டாம் மாதமும் போனது.

நான் சொல்ல வந்தது தொட்டியைப் பற்றியல்ல. அன்ரி மனிதர்களையும் அப்படித்தான் வளர்த்தார்.

அவருடைய கந்தோரில் கதிரைகள் ஒருநாளும் ஒரே இடத்தில் இருந்ததில்லை. எழுத்துக்கு வருகிற இரண்டு பகுதியாருக்கும் ஒத்துவரவில்லை என்று காதில் விழுந்தால் போதும், அன்று காலையில் என்னைக் கூப்பிடுவார். "தம்பி, மேசையில ஒரு பக்கம் பிடி." முதல்தடவை அறிவித்தல் கொடுக்க வந்தபோது இடப்பக்கம் இருந்த மாப்பிள்ளை வீட்டார், இரண்டாம் தடவை வந்து பார்த்தால் இடப்பக்கத்தில் அலுமாரி நிற்கும். எங்கே இருப்பது என்று எல்லோரும் விழிப்பார்கள். விழித்து முடிவதற்குள் கையில் வடை இருக்கும். வடை சாப்பிடாமல் அவர் ஒரு பத்திரமும் எழுதியதில்லை. "பசியோட ஒராளை ஒராள் சந்திக்க விடக்கூடாது," என்பது அவருடைய சட்டம். அரசாங்கச் சட்டத்துக்கு அதற்கடுத்த இடம்தான்.

ஒரு தடவை இரண்டு அண்ணன் தம்பிகள் தகப்பனின் இறப்பைப் பதிய வந்தார்கள். பல வருடமாக இருவருக்குள்ளும் கதை பேச்சில்லை. தகவல் கொடுப்பவர் என்ற இடத்தில் யார் கையெழுத்து வைப்பது என்று வாசலிலேயே சண்டைக்குச் சாரத்தை மடித்துக் கட்டிவிட்டார்கள். அன்ரி குரலை உயர்த்தவில்லை. இரண்டு கதிரைகளைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்து, முதுகும் முதுகுமாக இருத்தி, ஆளுக்கு இரண்டு வடை கொடுத்தார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு தொட்டியைப் பார்த்தபடி நின்றேன். கொஞ்ச நேரத்தில் மூத்தவர் சுவரிடம் சொன்னார்: "ஐயாவுக்கு உளுந்து வடை எண்டா உயிர்." இளையவர் மற்றச் சுவரிடம் சொன்னார்: "பல்லில்லாமலும் விடேல்லை, மனுசன்." பிறகு இரண்டு முதுகுகளும் குலுங்கத் தொடங்கின. சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. கையெழுத்தை அண்ணனே வைக்கட்டும் என்று தம்பி சொன்னது மட்டும் கேட்டது.

நீலாம்பாளும் சும்மா இருக்கிறவள் அல்ல. காற்றுக் குழாயைப் பிடித்து ஏறி வெளியே வரப் பழகியிருந்தாள். ஒருநாள் காலையில் தொட்டிக்குள் ஆள் இல்லை. அன்று ஓர் எழுத்து இருந்தது. அன்ரி ஒரு கண்ணைப் பத்திரத்திலும் ஒரு கண்ணை நிலத்திலும் வைத்துக்கொண்டு எழுதி முடித்தார். மாப்பிள்ளை சந்தோசமாக வெளியே போய், படியில் கழற்றி வைத்திருந்த புதுச் சப்பாத்துக்குள் காலை விட்டார். அவர் போட்ட சத்தத்தில் என் கடையில் நின்றவர்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள். "பிள்ளை, நீ கையைப் பிடிக்க முதல் அவா காலைப் பிடிச்சிட்டா," என்று அன்ரி மணப்பெண்ணிடம் சொன்னார். அந்தப் பிள்ளை சிரித்த சிரிப்பில் தலையில் வைத்த பூ கழன்று விழுந்தது. அதற்குப் பிறகுதான் தொட்டியின் மேல் பழைய யன்னல் கதவு ஒன்றும், கதவின் மேல் ஒரு செங்கல்லும் வந்தன.

அவருடைய வழி எப்போதும் வென்றது என்று நான் சொல்ல மாட்டேன். சப்பாத்துக்குள் புகுந்த அந்த நீலாம்பாள் இரண்டாமவள். முதலாமவளுக்கு நடந்ததை நான் பார்த்தேன். சிங்கிறால் வளர வளர மேலோட்டைக் கழற்றும் என்பது அன்ரிக்கு அப்போது தெரியாது. பழைய ஓட்டைக் கழற்றிய பிறகு புது ஓடு இறுகுவதற்கு இரண்டு மூன்று நாட்கள் எடுக்கும். அதுவரை உடம்பு தோல் உரித்த முட்டை போலத்தான். கொடுக்கும் வேலை செய்யாது. அன்ரி கச்சேரிக் கந்தோருக்குப் போய்வந்து பார்த்தபோது குழாய்க்கு வெளியே இரண்டு கொடுக்குகள் மட்டும் கிடந்தன. பெரியவர் ஒன்றும் தெரியாதவர் போல மேலே மிதந்துகொண்டிருந்தார்.

அன்று பின்னேரம் தாயின் இறப்பைப் பதிய ஒருவர் வந்திருந்தார். அன்ரி அவரிடம் உண்மையைச் சொன்னார். "தம்பி, குறை நினைக்காதையும். இண்டைக்கு என்ர வீட்டிலயும் ஒரு சீவன் போயிட்டுது. எழுதக் கை வருகுதில்லை." அந்த மனிதர் கோபிக்கவில்லை. கொஞ்ச நேரம் இருந்து அன்ரிக்கு ஆறுதல் சொல்லிவிட்டு, நாளைக்கு வாறன் என்று போனார்.

"பெரியவரில பிழையில்லை," என்றார் அன்ரி என்னிடம், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "உடுப்பு மாத்திற நேரம் ஆருக்கும் ஒரு அறை வேணும்தானே. நான் அதை வைச்சுக் குடுக்கேல்லை."

அடுத்த நாளே சந்தையில் ஒரு பச்சைப் பிளாஸ்ரிக் கூடை வாங்கினார். மரக்கறி கழுவுகிற, ஓட்டை ஓட்டையான கூடை. இரண்டாம் நீலாம்பாள் ஓடு கழற்றும் போதெல்லாம் குழாயோடு சேர்த்து அந்தக் கூடையைக் கவிழ்த்து மூடி, மேலே ஒரு கல்லை வைத்துவிடுவார். பெரியவர் கூடையைச் சுற்றிச் சுற்றி வந்து களைத்துப்போவார். மூன்றாம் நாள் கூடையைக் கழுவி மேசைக்குப் பின்னால் இருக்கும் ஆணியில் கொழுவிவிடுவார். கூடையை அப்படியே விட்டால் என்ன என்று கேட்டதற்கு, "மூண்டு நாளெண்டா அறை. அதுக்கு மேலயெண்டா சிறை," என்றார்.

இந்தப் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்று ஒரேயொரு தடவை கேட்டிருக்கிறேன். கரட் துண்டு வெட்டிக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்.

"சண்டை முடிஞ்சு முகாமில ஒரு தறப்பாளுக்குக் கீழ மூண்டு குடும்பம் இருந்தனாங்கள். எல்லாரும் நல்ல சனம். ஆனா முகத்தை அங்கால திருப்பி அஞ்சு நிமிசம் இருக்க இடமில்லை. ஒருநாள் ஒரு வாளித் தண்ணிக்காக ஒரு மனுசிக்கு அடிக்கக் கை ஓங்கிட்டன். என்ர கை, தம்பி. இந்தக் கை." கத்தியோடு இருந்த கையைத் தூக்கிக் காட்டினார். பிறகு கரட்டைத் தொட்டிக்குள் போட்டுவிட்டு, "பார், பார், எப்பிடி ஓடி வாறா!" என்று சிரித்தார்.

இனி என் கதை.

முரசுமோட்டையில் முன்பள்ளி ஆசிரியையாக இருந்த வதனி, பிள்ளைகள் நிறம் தீட்டுவதற்கு யானைப் படம் கொப்பி எடுக்க என் கடைக்கு வருவாள். யானை முடிந்து மயில் வந்தது, மயில் முடிந்து முயல் வந்தது. முயல் வந்தபோது எங்களுக்குள் விசயம் முற்றிவிட்டது. கஷ்டம் எங்களுக்கு வெளியே இருந்தது. என் தாத்தா மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வட்டக்கச்சிக்கு வந்து காடு வெட்டியவர். வதனியின் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றக் காணிக்கு வந்தது. என் அப்பாவும் அவளுடைய அப்பாவும் ஒரே குளத்துத் தண்ணீரில் நெல் விதைக்கிறவர்கள். ஆனாலும் வதனியின் அப்பா, அதாவது இன்றைய என் மாமா, எங்கள் வீட்டுக்கு வந்த ஒரே தடவை, வாசலில் நின்றபடியே கதைத்தார். அம்மா தேத்தண்ணி கொண்டுபோய் நீட்டினார். "இப்பதான் குடிச்சனான்," என்று சொல்லிவிட்டு மாமா மோட்டார் சைக்கிளை எடுத்துவிட்டார். அம்மா ஆறிப்போகும்வரை அந்தக் கோப்பையைக் கையிலேயே வைத்திருந்தார். எனக்கு அழுகை வந்தது. அப்பா அன்றிலிருந்து மாமாவை 'அந்தாளு' என்றுதான் சொல்வார்.

மாமி இல்லாத வீடு. மகளின் பிடிவாதத்துக்கு முன்னால் மாமாவால் நிற்க முடியவில்லை. அரைமனதாக ஓம் என்றார். ஆனால் மற்ற அரைமனம் மேசை லாச்சிக்குள் இருந்தது. அங்கே சுவிஸ் மாப்பிள்ளை ஒருவரின் சாதகம் கிடந்தது. எழுத்து ஒரு நாள் தள்ளிப்போனால் அது வெளியே வரும் என்று வதனி என்னிடம் சொல்லியிருந்தாள். அதனால் அன்று காலை நான் சாப்பிடவில்லை. பசியோடு யாரும் சந்திக்கக்கூடாது என்ற சட்டம் தெரிந்தும்.

போய்ப் பார்த்தால் கதிரைகளெல்லாம் இடம் மாறியிருந்தன. என்னைக் கூப்பிடாமல் அன்ரி தனியாகவே இழுத்திருக்கிறார். மேசை வாசலோரம், அலுமாரி நடுவில், தொட்டியின் இரண்டு அந்தத்திலும் ஒவ்வொரு கதிரை. அப்பாவும் மாமாவும் எங்கே இருப்பது என்று தெரியாமல் நின்றார்கள். வடைத் தட்டம் வந்தது. மாமா அதைப் பார்த்த பார்வையிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

"இப்பதான் சாப்பிட்டனான்," என்றார்.

அம்மா கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். அப்பா வேறெங்காவது பார்ப்பதற்காகத் தொட்டியைப் பார்த்தார். பார்த்தவர் கிட்டப் போனார். அப்பாவுக்குப் பதற்றம் வந்தால் மலையகப் பேச்சு வந்துவிடும்.

"பதிவாளரம்மா, இங்க வாங்க. இது செத்துப்போச்சுங்க."

தொட்டியின் அடியில் நீலாம்பாள் மல்லாக்கக் கிடந்தாள். கொடுக்கு, மீசை, கண் எல்லாம் அப்படியே. அசைவு மட்டும் இல்லை. மாமா எட்டிப் பார்த்தார்.

"ஓம். செத்துத்தான் கிடக்கு."

"எழுத்து எழுதற வீட்ல, அதுவும் நேரம் பாத்து வந்த நாள்ல..." என்று இழுத்தார் அப்பா.

"அதைத்தான் நானும் யோசிக்கிறன்," என்றார் மாமா. "செத்த வீட்டுத் துடக்கோட எப்பிடி எழுதிறது?"

இத்தனை மாதத்தில் இந்த இரண்டு பேரும் முதன்முதலாக ஒத்துப்போகிறார்கள். அதுவும் என் எழுத்தை நிற்பாட்டுவதற்கு.

"அப்பா, அது இறால்!" வதனி கத்தியேவிட்டாள். "இறாலுக்குத் துடக்கோ? போன ஞாயிறு அரைக் கிலோ சாப்பிட்டனீங்கள்!"

"அது கறி, பிள்ளை. இது வளர்த்த சீவன்."

"சரியாச் சொன்னீங்க," என்று தலையாட்டினார் என் அப்பா. "வளத்த சீவன்னா கணக்கு வேறதான்."

"வேற கணக்குத்தான்," என்றார் மாமா.

தினமும் இறப்புப் பதிகிற வீட்டில் நின்றுகொண்டு இரண்டு பேரும் ஓர் இறாலுக்காகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். அடுத்த மாதம் வளர்பிறையில் வைக்கலாம் என்றுகூடப் போய்விட்டார்கள். எனக்கு சுவிஸ் மாப்பிள்ளையின் முகம் கண்ணாடித் தொட்டிக்குள் தெரிந்தது.

அன்ரி முழங்கைவரை தண்ணீருக்குள் கையை விட்டு, கிடந்ததை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தார். அந்தப் பக்கம் தெரிந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

"ஆர் செத்தது? அவா சட்டை மாத்தியிருக்கிறா. ஆள் அந்தா, மேலதிகக் குழாய்க்குள்ள."

எல்லோரும் குனிந்தோம். குழாய்க்குள் வெளிறிய நீலத்தில் ஒரு மெத்தென்ற உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. அன்ரி ஓட்டைத் திரும்பத் தொட்டிக்குள் போட்டார். அதையே அவள் தின்றுதான் புது ஓடு இறுகும். ஆனால் பெரியவரும் செய்தியை அறிந்துவிட்டார். நெற்றியைத் தாழ்த்திக்கொண்டு குழாயின் ஒரு வாய்க்குள் முகத்தை நுழைத்தார். நீலாம்பாள் பின்னால் நகர, அவர் சுற்றிக்கொண்டு மற்ற வாய்க்குப் போனார்.

"ஐயோ, கடிச்சிரும்ங்க!" என்றார் அப்பா.

"என்ன செய்யிறது, மிஸ்?" என்றார் மாமா. குரல் மாறியிருந்தது.

"வேற வழியில்லை. ஆராவது காவல் நிக்கோணும். குழாய்க்கு ரெண்டு வாய். ரெண்டு பேர் வேணும்."

எனக்கு உடனே நினைவு வந்தது. "அன்ரி, அந்தப் பச்சைக் கூ..."

என் காலை யாரோ மிதித்தார்கள். "நீ மாப்பிள்ளை," என்றார் அன்ரி, என்னைப் பார்க்காமல். "வாயை மூடிக்கொண்டு இரு." நான் ஆணியைப் பார்த்தேன். அங்கே கூடை இல்லை.

அப்பாவின் கையில் ஒரு மர அகப்பை வந்தது. மாமாவின் கையில் கந்தோர் அடிமட்டம். தொட்டிக்கு மேலே இருந்த யன்னல் கதவையும் செங்கல்லையும் காணவில்லை. காலையிலேயே எடுத்து வைத்திருக்கிறார். இரண்டு பேரும் இரண்டு அந்தத்துக் கதிரைகளிலும் ஏறி முழங்காலில் நின்றார்கள். கதிரைகள் அளவாக அங்கேதான் போடப்பட்டிருந்தன.

பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பில் வயிறு நோகும். பெரியவர் அகப்பையில் முட்டினார். அப்பாவின் வேட்டியில் தண்ணீர் தெறித்தது. பெரியவர் திரும்பினார்.

"அந்தப் பக்கம் வர்றாருங்க!"

"விடன், விடன்! இந்தா... அண்ணை, உங்கட பக்கம் வாறார், உங்கட பக்கம்!"

அண்ணை. நான் வதனியைப் பார்த்தேன். அவளும் கேட்டிருந்தாள்.

"கீழ பாருங்க தம்பி, கீழால போறாரு!"

"பிடிச்சிட்டன்! பிடிச்சிட்டன்!"

மாமாவின் சேட்டுக் கை முழுவதும் நனைந்துவிட்டது. அம்மா, என்ன நினைத்தாரோ, குசினிக்குள் போய் அன்ரி போட்டு வைத்திருந்த தேத்தண்ணியில் ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டு வந்து மாமாவுக்குப் பக்கத்தில் நின்றார். "குடிங்க, அண்ணே." மாமா தொட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இடக்கையை நீட்டி வாங்கினார். ஒரே இழுவையில் குடித்தார். கோப்பையைத் திருப்பிக் கொடுத்தார். "சீனி அளவு," என்றார், பெரியவரைப் பார்த்துக்கொண்டே.

அம்மா வெறும் கோப்பையைப் பிடித்தபடி அப்படியே நின்றார். அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"சுபநேரம் முடிய இன்னும் பத்து நிமிசம்தான் இருக்கு," என்றார் அன்ரி, பதிவேட்டை விரித்தபடி. நானும் வதனியும் கையெழுத்து வைத்தோம். "இனிச் சாட்சி. ரெண்டு அப்பாமாரும் வாங்கோ."

"ஏலாது!" என்றார் மாமா. "முடியாதுங்க!" என்றார் அப்பா. இரண்டும் ஒரே நேரத்தில்.

"அப்ப ஒராள் ஒராளா வாங்கோ."

மாமா அடிமட்டத்தை அப்பாவிடம் நீட்டினார். "அண்ணை, என்ர பக்கத்தையும் ஒருக்காப் பாருங்கோ. நான் கையெழுத்து வைச்சிட்டு ஓடியாறன்."

"நீங்க போங்க. நான் பாத்துக்குறேன்."

மாமா ஓடி வந்தார். நின்ற நிலையில் எந்த இடம் என்று கேட்டார், வைத்தார், திரும்பி ஓடினார். ஒரு நிமிசம்கூட ஆகவில்லை. அந்தக் கையெழுத்துக்காக நான் எத்தனை மாதம் நித்திரை கொள்ளவில்லை! பிறகு அப்பா வந்து தன்னுடையதை வைத்தார். அன்ரி கைகளை விரல் விரலாகத் துடைத்துக்கொண்டு எழுதி முடித்தார்.

எழுதி முடித்ததும் மேசைக்குக் கீழிருந்து ஓர் உரப் பையை எடுத்து என்னிடம் நீட்டினார். "தம்பி, இதைக் கொண்டுபோய் ரெண்டு கொப்பி அடிச்சு வை. அவசரமில்லை. கடையிலயே இருக்கட்டும்."

எழுத்து முடிந்த கையோடு மாப்பிள்ளையைக் கொப்பி அடிக்க அனுப்புகிறாரே என்று நினைத்துக்கொண்டு தெருவைக் கடந்து போய்ப் பையைத் திறந்தேன். உள்ளே கூடை. மரக்கறி கழுவுகிற பச்சைக் கூடை. கடையின் நடுவில் நின்று தனியாகச் சிரித்தேன். பிறகுதான் அதன் மற்றப் பக்கம் எனக்கு உறைத்தது. முதல் நீலாம்பாள் போனதற்கு எழுதக் கை வராமல் அழுத மனுசி, இரண்டாமவளை மூடாமல் விட்டிருக்கிறார். எனக்காக.

இரவில் லைற்றை அணைத்தால் பெரியவரும் படுத்துவிடுவார். பகல்தான் பயம் என்று அன்ரி சொல்லியிருந்தார். மறுநாள் காலை மாமா வந்தார், பிறப்புப் பத்திரம் ஒன்றைப் பற்றிக் கேட்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு. கொஞ்ச நேரத்தில் அப்பா வந்தார், காரணம் எதுவும் சொல்லாமல், வீட்டு அகப்பையோடு. மூன்றாம் நாள் மத்தியானம் நீலாம்பாள் குழாயை விட்டு வெளியே வந்து, பளபளவென்ற புதுக் கொடுக்குகளைப் பெரியவரின் முகத்துக்கு நேரே தூக்கினாள். பெரியவர் பின்வாங்கினார். இரண்டு அப்பாமாரும் கைதட்டிய சத்தம் என் கடைவரை கேட்டது.

அன்று பின்னேரம் கூடையை ஒருவருக்கும் தெரியாமல் கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்ரி அதை ஆணியில் கொழுவினார்.

"பெரியவர் கடிச்சிருந்தா என்ன செய்திருப்பியள், அன்ரி?"

அவர் தொட்டிப் பக்கம் திரும்பினார்.

"உன்ர பத்திரத்தில கண்ணீர் விழுந்திருக்கும்," என்றார். "இப்ப தொட்டித் தண்ணி மட்டும்தானே விழுந்திருக்கு."

அன்ரி ஓய்வுபெற்று மகளோடு திருகோணமலைக்குப் போய்விட்டார். தொட்டியையும் இரண்டு பேரையும் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டுதான் போனார், மூன்று குழாய்களோடு. அப்பாவுக்கும் மாமாவுக்கும் கூடையைப் பற்றி நாங்கள் இன்றுவரை சொல்லவில்லை. மாமா இப்போது எங்கள் வீட்டுக்கு வந்தால் அம்மாவிடம் தேத்தண்ணி கேட்டு வாங்கிக் குடிக்கிறார். எங்கள் விவாகப் பத்திரம் அலுமாரியில் இருக்கிறது. மாமாவின் கையெழுத்துக்குப் பக்கத்தில் வட்டமாக ஒரு பொட்டு. எத்தனை தடவை கொப்பி எடுத்தாலும் அதுவும் சேர்ந்தே வருகிறது.